கீழாநெல்லியும் மஞ்சட்காமாலையும்

ஐப்பசி மழை இரண்டு முறை பெய்து நிலம் நனைந்துவிட்டால் போதும். வயல் வரப்பிலும், வேலியோரத்திலும், கிணற்றடியிலும், கல்லறைத் தோட்டத்து மண்மேடுகளிலுங்கூட, யாரும் விதைக்காமல் தானாக முளைத்துவிடும் ஒரு சிறு செடி உண்டு. ஒரு முழ உயரத்திற்குமேல் அது வளர்வது அரிது. மெல்லிய தண்டு, அதிலிருந்து இருபுறமும் விரியும் சிறு கிளைகள், ஒவ்வொரு கிளையிலும் புளிய இலையைப்போல் வரிசை கட்டி நிற்கும் சின்னஞ்சிறு இலைகள். மாலை மங்கியதும் அவ்விலைகள் ஒன்றோடொன்று கூம்பிக்கொள்ளும். கிளையைத் திருப்பிப் பார்த்தால், இலைக்காம்புகளின் கீழே கடுகளவு பச்சைக் காய்கள் உருண்டை உருண்டையாகத் தொங்குவதைக் காணலாம். இலையின் கீழே நெல்லிபோல் காய்ப்பதால் கீழ்க்காய்நெல்லி என்றும், கீழ்வாய்நெல்லி என்றும், பேச்சு வழக்கில் கீழாநெல்லி என்றும் நம் முன்னோர் இதற்குப் பெயரிட்டனர். ஆயுர்வேத நூல்களில் இதற்குப் பூமி ஆமலகி என்று பெயர். தரையில் வளரும் நெல்லி என்பது அதன் பொருள். உவமைக்காக மட்டும் சொன்ன பெயரன்று இது. நெல்லிமரமும் இச்செடியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்று இக்காலத் தாவரவியலும் கூறுகிறது. ஓங்கி வளர்ந்த மரத்திற்கும் காலடியில் மிதிபடும் பூண்டிற்கும் உள்ள உறவை, பூவையும் காயையும் உற்றுநோக்கியே கண்டறிந்த அம்முதியோரின் கூர்மையை வியவாதிருக்க முடியாது.

மஞ்சட்காமாலை என்றதும் நம் குடும்பங்களில் நினைவுக்கு வருவது இச்செடிதான். பிள்ளையின் கண்வெள்ளை மஞ்சளித்திருப்பதைத் தாய் கண்டு கலங்கி நிற்கும் வேளையில், அடுத்த வீட்டுப் பெரியம்மா படியேறி வருவார். “ஏம்மா, இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? கொல்லையில கீழாநெல்லி கெடக்கு. வேரோட புடுங்கி, கழுவி, அம்மியில வெச்சு அரைச்சு, நெல்லிக்காயளவு மோருல கலந்து வெறும் வயித்துல குடு. உப்பு சேர்க்காதே. மூணே நாளுல எறங்கிடும்” என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்வதில் வஞ்சகம் ஏதுமில்லை. அவருடைய பிள்ளைக்கும் அப்படித்தான் நோய் தீர்ந்தது. அவருடைய தாயாரும் அப்படித்தான் செய்தார். ஆயினும், அந்த மூன்று நாள் சில வேளைகளில் பத்து நாளாக நீண்டு, மருத்துவமனை வாயிலை அடையும்போது காலம் கடந்துவிடுகிறது. செடியைப் புகழ்ந்து பேசவோ இகழ்ந்து பேசவோ நாம் இக்கட்டுரையை எழுதவில்லை. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது, இதுவரை எது மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நம் நோக்கம்.

கொச்சியிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை

இச்செடி ஐரோப்பியரின் ஏட்டில் இடம்பெற்ற வரலாறு சுவையானது. கத்தோலிக்கத் துறவி ஒருவரும் அதில் வருகிறார். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொச்சியை ஆண்ட டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட் என்பவர். மலையாளக் கரையின் மூலிகைகளை எல்லாம் படத்துடன் தொகுக்க வேண்டுமென அவர் விரும்பினார். அப்போது வராப்புழையில் இருந்த கார்மேல் சபைத் துறவியான புனித யோசேப்பின் மத்தேயு சுவாமிகள், இத்தாலியர், மூலிகை ஆராய்ச்சியில் ஈடுபாடு மிக்கவர், தொடக்கத்தில் இப்பணிக்குத் துணைநின்று தாம் வரைந்த படங்களை அளித்தார். டச்சுக்காரர்களோ சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். 1663ஆம் ஆண்டில் கொச்சியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியதும் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றியவர்கள். அத்தகையோரும் மூலிகை விஷயத்தில் ஒரு துறவியின் அறிவை நாடினர் என்பது கருதத்தக்கது. எனினும் அவருடைய படங்கள் வான் ரீடுக்கு முழு நிறைவளிக்கவில்லை. பின்னர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் சேர்ந்து பணியை விரிவாக்கினர். குடும்பத்தில் வழிவழியாக வந்த ஓலைச்சுவடிகளின் அறிவை இட்டி அச்சுதன் எடுத்துரைத்தார். இவ்வாறு உருவான ‘ஹோர்ட்டூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் இலத்தீன் நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. அதன் பத்தாம் பாகத்தில் ‘கிர்கனெலி’ என்னும் பெயரில் நம் செடி படத்துடன் காணப்படுகிறது. டச்சுக்காரர் காதில் விழுந்த மலையாளச் சொல் அப்படி உருமாறிவிட்டது! முந்நூறு ஆண்டுகளுக்குமேல் இலத்தீனிலேயே முடங்கிக் கிடந்த அந்நூலைப் பேராசிரியர் கே. எஸ். மணிலால் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 2003ஆம் ஆண்டில் கேரளப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது.

பெயரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஏனெனில் இது வெறும் பண்டிதர் சண்டையன்று, மருந்தைப் பாதிப்பது. நெடுங்காலம் இந்தியக் கீழாநெல்லியை அறிவியலார் ‘ஃபில்லாந்தஸ் நிரூரி’ என்றே எழுதி வந்தனர். 1950களில் கிரேடி வெப்ஸ்டர் என்னும் அமெரிக்கத் தாவரவியலாளர் இக்குடும்பத்தை நுணுகி ஆராய்ந்து, நிரூரி என்பது அமெரிக்கக் கண்டத்துச் செடி, இந்தியாவில் அவ்வாறு அழைக்கப்படுவது வேறு என்று தெளிவுபடுத்தினார். நம் நாட்டில் பெரும்பாலும் காண்பது ‘ஃபில்லாந்தஸ் அமாரஸ்’ என்பதாகும். அமாரஸ் என்றால் இலத்தீனில் கசப்பு. வாயிலிட்டு மென்று பார்த்தவர்களுக்கு இப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. நிரூரியைப் பிரேசில் நாட்டு மக்கள் ‘கல்லுடைச்சான்’ எனப் பொருள்படும் பெயரால் அழைத்துச் சிறுநீரகக் கல்லுக்குக் கஷாயமிட்டுக் குடிக்கின்றனர்.

கீழாநெல்லியைப் போலவே தோன்றும் உறவினர் பலர் நம் மண்ணிலேயே உண்டு. தண்டு செந்நிறம் படர்ந்து, காய் காம்பின்றி ஒட்டிக்கொண்டு, தொட்டால் சொரசொரப்பாக இருப்பது ஒன்று. சிவப்புக் கீழாநெல்லி என்பர். மேலாநெல்லி என்பது மற்றொன்று; அதன் அறிவியற் பெயரில் நம் மதராஸே குடிகொண்டிருக்கிறது, ‘மதராஸ்பட்டன்ஸிஸ்’ என்று. தென்னிந்தியாவின் மூலிகைக் கடைகளில் விற்கும் உலர்ந்த கீழாநெல்லியை வாங்கி, அதன் மரபணுவைக் கொண்டு சோதித்த ஆய்வொன்று 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. நூற்றுக்கு 76 கடைகளில் உண்மையான அமாரஸ் செடியே பெரும்பகுதியாக இருந்தது. மீதி 24 விழுக்காட்டில் வேறு ஐந்து இனங்கள் விற்கப்பட்டன. பச்சைச் செடியையாவது கிளையைத் திருப்பிப் பார்த்து ஒருவாறு அறியலாம். உலர்ந்து பொடியாகிக் காகிதப் பொட்டலத்தில் வருவதை யார் அறிவார்?

ஆயுர்வேதத்தில் இதன் இடம் என்ன என்று கேட்கலாம். சரக சம்ஹிதையில் தாமலகி என்னும் பெயரால் இது இருமலையும் மூச்சிரைப்பையும் தணிக்கும் மூலிகைகளின் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. பலரும் பாலுடன் உண்ணும் ச்யவனப்ராசத்தின் பழைய செய்முறையிலும் இது சேர்கிறது. பிற்கால வைத்தியத்திலும் நம் சித்த மருத்துவத்திலும்தான் காமாலைக்குரிய மூலிகையென இது பெரும்புகழ் பெற்றது. இதன் கசப்புக்குக் காரணமான ஃபில்லாந்தின் என்னும் பொருளை 1946ஆம் ஆண்டில் பிரித்தெடுத்து அறிவித்தவர்கள் வால்டேரில் இருந்த கிருஷ்ணமூர்த்தியும் டி. ஆர். சேஷாத்ரியும் ஆவர். சேஷாத்ரி நம் குளித்தலையில் பிறந்தவர்.

சென்னையிலிருந்து எழுந்த செய்தி

இச்செடியை உலகின் கண்முன் நிறுத்தியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடமே. மருத்துவர் தியாகராஜனும் அவருடைய குழுவினரும் காமாலைக்கு நாட்டு வைத்தியர் தரும் மூலிகைகளைச் சோதனைக் குழாயில் இட்டு ஆராய்ந்தனர். இரத்தத்தின் வழியே பரவும் ‘பி’ வகைக் கல்லீரல் அழற்சிக் கிருமியின் மேலுறைப் பொருளை, கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் செயலிழக்கச் செய்வதை 1982ஆம் ஆண்டில் அறிவித்தனர். அக்கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க மருத்துவர் பரூக் பிளம்பெர்க், இச்செய்தியில் ஆர்வங்கொண்டார். பிலடெல்பியாவில் இருந்த அவருடைய நிலையத்தில், இதே இனக் கிருமியால் தாக்குண்ட மரக்கொறிப்பான் என்னும் விலங்கிற்குச் செடியின் சாற்றைச் செலுத்திப் பார்த்தனர்; 1987ஆம் ஆண்டில் வெளியான முடிவு நம்பிக்கையூட்டியது.

அடுத்த ஆண்டு, அதாவது 1988ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இலண்டனின் புகழ்பெற்ற ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் சென்னை ஆய்வு வெளிவந்தது. கிருமியை உடலில் தாங்கியிருந்தவர்களுக்கு உலர்ந்த செடியின் பொடி 200 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளை, 30 நாள் தரப்பட்டது. மருந்துண்ட 37 பேரில் 22 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 59 பேருக்கு, இரண்டு மூன்று வாரம் கழித்துச் சோதித்தபோது இரத்தத்தில் அக்கிருமியின் மேலுறைப் பொருள் காணப்படவில்லை. வெறும் போலிப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. கொண்டாடியதில் வியப்பில்லை, அந்நாளில் இக்கிருமியை ஒழிக்கும் மருந்து எங்கும் இல்லை. நம் வரப்பில் கிடக்கும் பூண்டு அதைச் செய்துவிட்டது என்றால் யார்தான் மகிழமாட்டார்?

ஆனால், அக்கட்டுரையே தன்னை முதற்கட்ட ஆய்வு என்றுதான் அழைத்துக்கொண்டது. அறிவியலில் ஒருவர் கண்டதை மற்றவரும் காண வேண்டும். தாய்லாந்தில் கிருமி தாங்கியோருக்கு இதே செடியைக் கொடுத்துப் பார்த்தனர். கிருமி நீங்கவில்லை என்று 1990ஆம் ஆண்டில் அதே லான்செட் ஏட்டில் எழுதினர். நியூசிலாந்தில் செய்த ஆய்வும் தோல்வியே என்று 1994ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பிற நாடுகளில் நடந்த சில ஆய்வுகளில் பயன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. செடி வளர்ந்த மண், பறித்த பருவம், இனத்தின் வேறுபாடு, நோயாளி எந்த வயதில் கிருமியைப் பெற்றார் என்பன போன்ற காரணங்கள் பேசப்பட்டன. அதுவரை நடந்த 16 ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்ட காக்ரேன் குழுவின் அறிக்கை 2011ஆம் ஆண்டில் வந்தது. இச்செடி ‘பி’ கிருமிக்கு நற்பயன் தருகிறது என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்பதே அதன் முடிவு. சென்னை ஆய்வாளரின் உழைப்பை இது சிறுமைப்படுத்தாது. அவர்கள் கண்டதை மறைக்காமல் உலகின் முன் வைத்தார்கள். உலகம் சோதித்துப் பார்த்தது. ஆராய்ச்சி என்பது அதுதானே.

வருந்தத்தக்கது வேறொன்று. 59 விழுக்காடு என்னும் அந்த எண் மட்டும் வியாபாரிகளின் கையில் சிக்கிக்கொண்டது. அதன் பின் வந்த ஆண்டுகளின் முடிவுகள் மருந்துப் புட்டியின் மேலட்டையில் ஏறுவதில்லை. இன்னொன்றையும் எளிதில் மறந்துவிடுகிறோம். சென்னையில் சோதிக்கப்பட்டவர்கள் காமாலையால் மஞ்சளித்துப் படுத்தவர்களல்லர். பார்வைக்கு நலமாக நடமாடிக்கொண்டு, இரத்தத்தில் மட்டும் கிருமியைத் தாங்கியவர்கள். ஆகவே அந்த ஆய்வைக் காட்டி, “காமாலைக்குக் கீழாநெல்லி மெய்ப்பிக்கப்பட்ட மருந்து” என்று சொல்வது எவ்வகையிலும் பொருந்தாது.

காமாலை ஒரே நோயன்று

அப்படியானால் அடுத்த வீட்டுப் பெரியம்மாவின் பிள்ளைக்கு எப்படித் தீர்ந்தது? இக்கேள்வி நியாயமானது. விடை, காமாலை என்னும் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. கண்ணும் தோலும் மஞ்சளிப்பது ஒரு நோயன்று. பல நோய்களின் அடையாளம். பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதை வாங்கி, பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடும். சிவப்பணு அளவுக்குமீறி அழிந்தாலும், கல்லீரல் நலிந்தாலும், பித்தநீர் செல்லும் குழாயில் கல்லோ கட்டியோ அடைத்துக்கொண்டாலும், அம்மஞ்சள் இரத்தத்தில் தேங்கிக் கண்ணில் தெரியும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிகுதியாக வருவது ‘ஏ’ வகைக் கல்லீரல் அழற்சி. சாக்கடை கலந்த குடிநீராலும், ஈ மொய்த்த தின்பண்டத்தாலும் பரவுகிறது. இதற்கென்று தனி மருந்து எந்த வைத்தியத்திலும் இல்லை. தேவையும் பெரும்பாலும் இல்லை. சில வாரங்களில் உடல் தானாகவே கிருமியை வென்று, கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. எனவே இதற்குக் கீழாநெல்லி கொடுத்தாலும் தீரும். மந்திரித்துக் கயிறு கட்டினாலும் தீரும். ஒன்றும் செய்யாமல் இளநீரும் கஞ்சியும் கொடுத்துப் படுக்க வைத்தாலும் தீரும். எது கடைசியாகக் கொடுக்கப்பட்டதோ அதற்குப் புகழ் போய்ச் சேரும். நோயாளியின் கையைச் சுண்ணாம்பு நீரில் கழுவி, நீர் மஞ்சளாவதைக் காட்டி, “இதோ காமாலை இறங்குகிறது” என்று காசு வாங்குவோரும் இப்படித்தான் பேர் பெற்றார்கள். கையில் முன்பே தடவிய மரப்பட்டைச் சாறும் சுண்ணாம்பும் சேர்ந்தால் மஞ்சள் வரும். காமாலை இல்லாதவர் கையிலும் வரும். கீழாநெல்லி கொடுக்கும் பெரியம்மாவை இவர்களோடு ஒப்பிட நாம் துணியவில்லை. அவர் காசு வாங்குவதில்லை.

ஆனால் தானாகத் தீராத காமாலையும் உண்டு. ‘ஈ’ வகை என்பதும் நீரால் பரவுவதே. 1955ஆம் ஆண்டின் இறுதியில் தில்லியில் யமுனைக் குடிநீரில் சாக்கடை கலந்ததால் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சளித்துப் படுத்தனர். அன்று பழைய வகைக் காமாலையென்றே அதைக் கருதினர். பல ஆண்டுகள் கழித்து, சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்தபோதுதான் வேறு கிருமி என்று தெரிந்தது. ஆடவருக்கும் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் தீங்கின்றி நீங்கும் இக்கிருமி, கருவுற்ற பெண்களிடம் மட்டும் இரக்கமின்றி நடந்துகொள்கிறது. பேறுகாலத்தின் கடைசி மூன்று மாதங்களில் இது தாக்கினால் ஐவரில் ஒருவர் இறக்கும் அளவுக்கு ஆபத்து உண்டாகலாம். வயிற்றுப்பிள்ளைக்காரியின் கண் மஞ்சளித்தால், அம்மியைத் தேடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். மாமியாரும் தாயாரும் இதில் ஒருமனப்படுவது நலம்.

வயது முதிர்ந்த ஒருவருக்கு வலியே இல்லாமல் மஞ்சளித்து, உடல் அரிப்பெடுத்து, மலம் வெளுத்து, உடல் மெலிந்துகொண்டே போனால், பித்தநீர்க் குழாயின் அடைப்பை ஐயுற வேண்டும். கல்லாயின் எடுத்துவிடலாம். புற்றாயின் தொடக்கத்தில் கண்டால் அறுவைக்கு வழியுண்டு. ஒரு மாதம் மோரில் கலக்கிக் குடித்துக் கழித்தால் அவ்வழி அடைபட்டுப் போகும். மழைவெள்ளத்தில் நடந்தபின் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து மஞ்சளிப்பது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு உயிரெதிரி மருந்து உடனே வேண்டும். மதுவால் நலிந்த கல்லீரலைப் பற்றி நாம் விரித்து எழுத வேண்டியதில்லை. அதற்குக் குடியை நிறுத்துவதே முதல் மருந்து என்பதை வீட்டார் அறிவார்கள், குடிப்பவரும் அறிவார்.

பச்சிளங் குழந்தையின் காமாலை முற்றிலும் வேறு. குறைமாதமின்றிப் பிறந்த குழந்தைகளிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் வாரத்தில் சிறிது மஞ்சளிப்பது இயல்பே. ஆனால் பிறந்த 24 மணி நேரத்திற்குள்ளேயே மஞ்சளித்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும், அம்மஞ்சள் மூளையில் படிந்து ஆயுள் முழுவதும் நீங்காத ஊனத்தை விளைக்கக்கூடும். நீல ஒளியில் குழந்தையைக் கிடத்துவதாலேயே பெரும்பாலும் இது தீர்கிறது. சிசுவின் வாயில் எந்தப் பச்சிலைச் சாற்றையும் விடலாகாது. மூக்கிலும் கண்ணிலும் விடும் பழக்கத்தை எந்த வயதினரிடத்தும் அறவே விட்டொழிக்க வேண்டும்.

கொடுக்கலாமா, கூடாதா?

கீழாநெல்லியைத் தொடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நோய் இன்னதென்று இரத்தச் சோதனையால் தெரிந்து, மருத்துவரும் “இது தானாகத் தீரும் வகை, வீட்டிலேயே இருக்கலாம்” என்று சொன்ன பிறகு, பட்டம் பெற்ற சித்த மருத்துவரின் சொற்படி அதைக் கொடுப்பதில் குற்றங்காண இயலாது. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் 2005ஆம் ஆண்டு முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இயங்கி வருகிறது. அங்கே உள்ளவர்களே முதலில் இரத்தத்தைச் சோதித்து வரச் சொல்வார்கள். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை உண்போர், கீழாநெல்லியும் உண்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

வீட்டில் வைத்திருக்கும்போது சில அடையாளங்களைக் கண்ணுங்கருத்துமாய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். நோயாளி பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருத்தல், பேச்சுக் குழறுதல், இடம் பொருள் மறத்தல், ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிதல், வயிறு உப்புதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவு பகல் பாராமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அது கல்லீரல் கைவிடுவதன் அறிகுறி. இரண்டு வாரத்தில் மஞ்சள் குறையத் தொடங்காவிடினும் மீண்டும் காட்டுவது நல்லது.

பத்தியத்தைப் பற்றி ஒரு சொல். உப்பில்லை, எண்ணெயில்லை, பருப்பில்லை, மஞ்சள்தூள் நிறத்தால் ஆகாது என்று பிள்ளையைப் பட்டினி போடுவது நம் வீடுகளில் இன்னும் தீரவில்லை. கண்ணிலுள்ள மஞ்சளுக்கும் குழம்பிலுள்ள மஞ்சளுக்கும் உறவு ஏதுமில்லை. பசி இல்லாத தொடக்க நாள்களில் நீர்மம் மிகுதியாகவும் எளிய உணவாகவும் கொடுக்கலாம். பசி திரும்பியதும் வழக்கமான உணவைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். கல்லீரல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் புரதம் வேண்டும். வெறுங்கஞ்சியில் அது கிடையாது. காய்ச்சல் மாத்திரையை விருப்பம்போல் விழுங்குவது மட்டும் ஆகாது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பரவாதிருக்க, குடிநீர் தளதளவெனக் கொதித்தபின் ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும். கழிப்பறை சென்று வந்ததும் சோப்பினால் கை கழுவட்டும்.

மருந்து கிடைத்த பிறகும்

‘பி’ கிருமி தாங்கியவர்களின் நிலைதான் நம் மனத்தை வருத்துகிறது. இரத்ததானம் செய்யப்போன இடத்திலோ, வெளிநாட்டு வேலைக்கான சோதனையிலோ, முதற் பேற்றின்போதோ, தமக்கு இக்கிருமி இருப்பதை அறிகிறார்கள். அன்று முதல் வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். தேவையே இல்லை, ஒன்றாக உண்பதாலோ தொடுவதாலோ இது பரவாது. சுத்தம் செய்யாத ஊசி, பிறர் பயன்படுத்திய சவரக்கத்தி, காது குத்தும் ஊசி, பச்சை குத்துதல், உடலுறவு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பேற்றின்போது தாயிடமிருந்து சேய்க்கு என்பனவே வழிகள். அஞ்சி ஒடுங்கிய அவர்களிடந்தான், “நூறு நாளில் கிருமியை வேரறுக்கிறோம்” என்னும் விளம்பரங்கள் வந்து சேர்கின்றன. அவற்றை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவோர் உண்டு. அவ்வாறு திடீரென நிறுத்தினால் அடங்கியிருந்த கிருமி சீறி எழுந்து, கல்லீரலை ஒரேயடியாகக் கெடுத்துவிடலாம்.

டெனோஃபோவிர், என்டெகாவிர் என்னும் மாத்திரைகள் கிருமியை அடக்கி வைக்கின்றன. பெரும்பாலோருக்கு முற்றிலும் ஒழிப்பதில்லை. ஆயினும் கல்லீரல் சுருங்கிப்போவதையும் புற்று வருவதையும் வெகுவாகக் குறைக்கின்றன. கிருமி உள்ள எல்லாருக்கும் அவை தேவையில்லை; தேவையா என்பதைச் சோதித்து மருத்துவர் சொல்வார். ‘சி’ வகைக் கிருமியோ 1989ஆம் ஆண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு இன்று ஏறத்தாழ மூன்று மாத மாத்திரையிலேயே முழுக் குணம் காண முடிகிறது. இவ்விரண்டுக்கும் சோதனையும் மருந்தும் இலவசமாகத் தரும் தேசியத் திட்டத்தை இந்திய அரசு 2018ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தொடங்கியது. மாவட்ட அரசு மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள். ஜூலை 28 என்பது கீழாநெல்லியில் ஆர்வங்கொண்ட அந்தப் பிளம்பெர்க்கின் பிறந்தநாள். உலகக் கல்லீரல் அழற்சி நாளாக அதைக் கடைப்பிடிக்கிறார்கள்.

‘பி’ கிருமியை வராமல் தடுக்கும் ஊசியும் பிளம்பெர்க்கின் கண்டுபிடிப்பிலிருந்தே பிறந்தது. பச்சிளம் பருவத்தில் இக்கிருமியைப் பெறும் குழந்தைகளில் நூற்றுக்கு 90 பேர் ஆயுள் முழுவதும் அதைத் தாங்குகின்றனர். வளர்ந்தபின் பெறுவோரில் அவ்வாறு ஆகிறவர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவே. ஆகையால்தான் குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசியைப் போட்டுவிட வேண்டும் என்கிறார்கள். அதன்பின் 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியோடு இதுவும் சேர்ந்து வருகிறது. அக்கூட்டு ஊசி இந்தியாவில் முதன்முதலாக 2011ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலுந்தான் தொடங்கப்பட்டது. தாய்க்குக் கிருமி இருப்பது முன்பே தெரிந்தால், பிறந்த உடனேயே குழந்தையின் ஒரு தொடையில் இவ்வூசியும் மற்றொரு தொடையில் ஆயத்த எதிர்ப்புப் பொருள் கொண்ட ஊசியும் போடுவார்கள். அப்படிப் போட்டபின் தாய் தாராளமாகப் பால் கொடுக்கலாம். பேற்றுக்கு அனுமதிக்கும் அன்றே, தாயின் சோதனைச் சீட்டில் ‘பி’ கிருமிக்குரிய முடிவு எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்; எழுதப்படவில்லையென்றால் உடனே சோதிக்கச் சொல்லுங்கள்.